சூனியக்காரி வீட்டுக் குளிர்

திருப்பதி பஸ் சந்திரகிரியைத் தாண்டும்போது சபையின் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. சகோதரி சுகந்தி நிமோனியாவில் காலமானார். அதன் கீழே கூப்பிய கைகளாக வந்து குவிந்தன. எல்லாம் இரண்டு வருடமாக அவளைத் திருவிருந்துக்குச் சேர்க்காத கைகள். சித்தூர் சபையாரே, உங்களைத் திட்டி எழுத எனக்கு ஆசைதான். ஆனால் முதல் திட்டு எனக்கு வரவேண்டியது.

சுகந்திக்கும் எனக்கும் திருப்பதியில் ஒரே ஆஸ்பத்திரியில் லேப் வேலை. பத்து வருடம் ஒரே பஸ், ஒரே இயர்போன், ஆளுக்கொரு காது. நவம்பரில் பனி இறங்கியதும் அவள் பாட்டுச் சேர்க்க ஆரம்பிப்பாள். அந்தப் பட்டியலுக்கு அவள் வைத்த பெயர் 'சூனியக்காரி வீட்டுக் குளிர்'. விறகு வெடிக்கும் ஓசை, வார்த்தையே இல்லாமல் பெண்கள் முனகும் பாட்டு, மெதுவாக இழுக்கும் வயலின் எல்லாம் அதில் உண்டு. "நாலு பாட்டு சொகமா இருந்தா அஞ்சாவது கொஞ்சம் பயம் காட்டணும். அப்பத்தான் கம்பளிய இழுத்துப் போத்திக்கினு ஒக்காரத் தோணும்" என்பாள். ஐந்தாவது இடத்துக்காக, ஆந்தைக் கூவலும் ஒரு கிழவியின் சிரிப்பும் கலந்த ஒன்றை ஒரு வாரம் தேடிக் கண்டுபிடித்தாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பரில் வழக்கம்போல் வீடு வீடாகக் கேரல் பாடப் போனோம். வேனில் ஸ்பீக்கர், கேரல் இசை என் போனில், அவளுடைய பட்டியலும் அதில்தான். சாயங்காலம் சபை மூப்பர் வீட்டு வாசலில் எல்லோரும் பாடத் தயாராக நிற்க, நான் அவசரத்தில் மாற்றி அழுத்திவிட்டேன். தேவதூதர்கள் வரவேண்டிய நேரத்தில் ஆந்தை கூவியது, கிழவி சிரித்தாள். மூப்பர் வெளியே வருவதற்குள் சுகந்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏமம்மா இது, தெய்யம் பாட்டா?" என்றார் மூப்பர். கோபம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும், பேய்கூட 'தெய்யம்' ஆகிவிடும்.

"எம் பாட்டுதாங்க ஐயா. நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

போன் என்னுடையது. அழுத்திய விரலும் என்னுடையது. நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் மூப்பரின் மாமியார் இறந்துபோனார். தொண்ணூற்றொரு வயது, மூன்று மாதமாகப் படுத்த படுக்கை. பாட்டுதான் கொன்றது என்று கமிட்டி கண்டுபிடித்தது. சுகந்தி பாடகர் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். சபை முன் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்கும்வரை திருவிருந்து கிடையாது. கல்யாணம் ஆகாதவள், நைனா என்று அவள் கூப்பிட்ட அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குழுவைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை. "குளுருக்குப் பாட்டு கேட்டேன். அது தப்புன்னா கர்த்தர் கிட்ட கேட்டுக்கறேன், உங்க கிட்ட இல்ல" என்று கமிட்டி முன் சொன்னாள். குழுவின் செயலாளராக நான் அதை மினிட்ஸ் நோட்டில் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருப்பதாகப் போதகர் பாராட்டினார்.

அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தாள். திருவிருந்து நேரத்தில் அவள் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். வரிசை அவள் முழங்காலை உரசிக்கொண்டு பீடத்துக்குப் போகும். நானும் உரசிக்கொண்டு போனேன், அப்பமும் திராட்சை ரசமும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் ஒரு நாள் பஸ்ஸில், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள்.

"நீ எங்க சொல்லப்போற? ரெண்டு வருசமா சொல்றேன் சொல்றேன்னு நினைச்சிக்கினுதான் இருப்ப. நீ பயந்தாங்கொள்ளி, எனக்குத் தெரியும். அடுத்த பாட்டு போடு."

போட்டேன். அவள் கோபித்துக்கொள்ளாதது எனக்கு மிகவும் வசதியாக இருந்தது.

அவளுடைய அடக்க ஆராதனையில், முன்பெல்லாம் அவள் பாடிவந்த தனிக்குரலை நான்தான் பாடினேன். அவளை நீக்கியதும் அந்த முன்வரிசை இடத்தை எனக்குத்தானே கொடுத்தீர்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது மூப்பர் என் பக்கத்தில் வந்து, "சுகந்தி இல்லாத கொறையே தெரியலம்மா" என்றார். தேங்க்ஸ் ஐயா என்றேன்.

அவளிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த இடத்தைத்தான். இதைப் படித்துவிட்டு நீங்கள் பிடுங்கிக்கொள்ளலாம். நானாக விட்டுக்கொடுப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.