தழைத்த பந்தக்கால்

அந்த நான்கு வருஷமும் கந்தப்பன் தன் கோப்பிச் செடிகளுக்கு நடுவே நின்ற முள்முருங்கையை ஏறிட்டுப் பார்த்ததில்லை. வேலை என்னவோ தினமும் அதனோடுதான். மழைக்கு முன் கிளை கழிப்பான். கழித்த இலை ஆட்டுக்கு, மிச்சம் செடித் தூருக்கு. வெயில் காலத்தில் ஒரு கொப்பைக்கூடத் தொடமாட்டான். நிழல் போனால் கோப்பி போச்சு. பிள்ளைக்குச் சளி என்று இலை கேட்டு வரும், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள், ஒம் மக கல்யாணக் கால், ராசியான மரம் என்பார்கள். அவன் குனிந்துகொள்வான்.

தொண்ணூற்றாறு வைகாசியில் மகள் ஜெயலெட்சுமிக்குக் கல்யாணம். சடங்கு முடிந்ததும் பந்தக்காலைப் பிடுங்கி, பெரகலை ஊருக்குக் கீழே லயத்துக்குப் பின்னால் இருந்த இந்தக் கோப்பி நிலத்தில் ஊன்றினார்கள். துளிர்த்தால் குடும்பம் தழைக்கும். ஆடி பிறந்தும் துளிர்க்கவில்லை, பட்டை சுருங்கியது. நாலு பேர் பேசுமுன் கந்தப்பன் அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தான். வேறொரு முள்முருங்கையில் வெட்டிய பச்சைக் கொம்பை அதே குழியில் நட்டான். அது பிடித்துக்கொண்டது.

மறுவருஷம் ஜெயலெட்சுமி புருஷன் ஊரான வெலிமடையிலிருந்து ஒரு பையோடு வந்தாள். புருஷன் அடித்ததில் இடது காது கேட்கவில்லை. இனிப் போகமாட்டேன் என்றாள். பெண்கள் மரத்தைக் காட்டி, இப்படித் தழைச்சு நிக்குது, பொறுத்துப் போ என்றார்கள். எல்லாரும் கந்தப்பனைப் பார்த்தார்கள்.

"பந்தக்கால் பொய் சொல்லாது புள்ள" என்றான். அவனே பஸ் ஏற்றிவிட்டான்.

இரண்டாயிரத்தில், கோப்பி பழுத்திருந்த சமயம், கைக்குழந்தையோடு மறுபடி வந்தாள். கந்தப்பன் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான். அவள் பின்னாலேயே வந்தாள்.

"வெட்டாதீங்கப்பா. செடியெல்லாம் கருகிடும்."

"இது ஒன்னோட கால் இல்ல. அது பட்டுப்போச்சு. நான்தான்..."

"தெரியும்." குழந்தையைத் தோள் மாற்றினாள். "என் கால்ல இடுப்பு ஒசரத்துக்கு ஒரு முண்டு இருந்துச்சு. மஞ்ச பூசுறப்ப பாத்தேன். இதுல இல்ல. அன்னைக்கு வந்தப்பவே தெரியும்."

"அப்ப ஏன் போன?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். பஸ் கெளம்புற வரைக்கும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

கத்தி கையிலேயே இருந்தது. அவள் வந்த செய்தி அதற்குள் பரவி, லயத்து வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒருத்தி மரத்தின் பக்கம் கையை நீட்டினாள். கந்தப்பன் செடிகளை விலக்கிக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் நின்றான். "அது எம் மக கால் இல்ல, நான் மாத்தி நட்டது" என்றான்.