நாடியில் ஓடிய குதிரை

வெள்ளிக்கிழமை மாலைகளில் வேலை விட்டு வரும்போது, தெருமுனை மருந்துக்கடையில் காதுக்கு விடும் எண்ணெய் வாங்குவேன். எழுபதுகளின் நடுவில் நான் இருந்த இலண்டன் பகுதியில் நல்லெண்ணெய் என்ற பேச்சே இல்லை. ஒலிவ் எண்ணெய் மட்டும், சுண்டுவிரல் நீளப் போத்தலில், காது குத்தினால் இரண்டு துளி விடுவதற்கென்று மருந்துக்கடையில் விற்றார்கள். நான் கிழமைக்குப் பன்னிரண்டு போத்தல் வாங்கினேன். மூன்றாவது வெள்ளிக்கிழமை கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை காதுகள் இருக்கின்றன, ஐயா?" என்று கேட்டார். இரண்டுதான் என்றேன். எண்ணெய் காதுக்கல்ல, தலை முழுவதற்கும் என்று என் கொக்குவில் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் விளக்கினேன். தலை முழுவதும் வலியா என்று பதறி, பக்கத்துத் தெரு டொக்டரின் விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தந்தார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு எண்ணெயின் காரணம் விளங்கியிருக்கும். எனக்குப் பித்த உடம்பு. அப்படிச் சொன்னவர் என் மாமனார், நாட்டு வைத்தியர். உடுவிலில் அவரைப் பரியாரியார் என்றால்தான் தெரியும். சாதகம் பார்த்து, பொருத்தம் பார்த்து, மண்டபத்தில் பந்தி முடிகிற வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் போனது. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, மகளின் கையை என் கையில் பிடித்துக் கொடுத்த நேரத்தில் அவருடைய மூன்று விரல்கள் பழக்கதோஷத்தில் என் நாடிக்குப் போயிருக்கின்றன என்று. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, மாமாவின் முகம் கறுத்ததை நான் கண்டேன். ஏதோ சீதனக் குறை என்று நினைத்துக்கொண்டேன். அன்று பின்னேரம் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, உமக்குப் பித்தம் கொதிக்குது. என்ரை பிள்ளைக்கும் பித்த உடம்பு. ரெண்டு நெருப்பை ஒரு அறைக்குள்ளை பூட்டி வைச்சால் என்ன நடக்கும்?"

"தெரியேல்லை மாமா."

"ஆறு மாதத்திலை ஒராள் மற்றாளுக்குக் கோப்பையாலை எறியும். அங்கை விலக்குப் பிடிக்க ஆர் இருக்கினம்? உம்மடை பித்தம் சமப்படட்டும். பிறகு அனுப்பிறன்."

இரண்டு கிழமை கழித்து நான் தனியாக இலண்டனுக்கு விமானம் ஏறினேன். யோகமலர், என் மனைவி, படலையில் நின்று கையைக் காட்டினாள். எங்களுக்குள் அதுவரை மொத்தமாக ஒரு மணித்தியாலம் கதைத்திருப்போமோ என்பது சந்தேகம்.

மாமாவின் ஒழுங்குமுறை நான்கு தாளில் வந்தது. சனியும் புதனும் எண்ணெய் முழுக்கு. எண்ணெய் தேய்த்தபின் அரை மணி இளவெய்யிலில் நிற்க வேண்டும். மிளகாய்த்தூள், ஊறுகாய், நண்டு, கத்தரிக்காய், கோப்பி கூடாது. காலையில் மல்லித்தண்ணீர், மத்தியானம் மோர், கோபம் எந்நேரமும் விலக்கு. நண்டும் கத்தரிக்காயும் நான் இருந்த தெருவில் கிடையாததால் பாதி விரதம் தானாகவே நிறைவேறியது. இளவெய்யில்தான் கரைச்சலாக இருந்தது. மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எண்ணெய் வழிய, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்வளவில் கிழக்கே பார்த்து நின்றேன். வெய்யில் வரவில்லை. வீட்டுக்காரி மிஸிஸ் பார்ட்லெட் வந்தார், கம்பளிப் போர்வையோடு.

கணவரை இழந்த அந்த மனுசிக்கு இரண்டு பற்றுகள். ஒன்று சனிக்கிழமைக் குதிரைப் பந்தயம், மற்றது வாடகைக்கு இருப்பவர்களின் சுகம். "என்ன நடந்தது?" என்று கேட்டார். "என் உடம்பில் சூடு அதிகம். அதைக் குறைக்கிறேன்," என்றேன். ஆழ்ந்து தலையாட்டினார். திங்கட்கிழமை வேலையால் வந்து பார்த்தால் என் அறையில் இருந்த ஹீட்டரைக் காணவில்லை. கேட்டபோது, "முதலிலேயே சொல்லியிருக்கலாமே," என்று கனிவாகச் சொன்னார்.

அந்தக் கிழமையே சளி பிடித்தது. மாமாவுக்கு எழுதினால் பித்தம் குறைந்து கபம் ஏறிவிட்டது என்பார், அதை இறக்க இன்னுமொரு நான்கு தாள் வரும். அப்படியிருந்தும் எழுதினேன். கடிதம் போக இரண்டு கிழமை, யோசிக்க ஒரு கிழமை, திரும்பி வர இரண்டு கிழமை. திப்பிலி, மிளகு, தேன் என்று கபத்துக்கான கட்டளை வந்து சேர்ந்தபோது சளி போய்விட்டது, சித்திரை வெய்யில் எறித்தது. நான் கீழ்ப்படிவான மருமகன். மிளகைத் தின்றேன். வாய் புண்ணாகியது. பித்தம் திரும்பிவிட்டது என்று அறிவித்தேன். அதற்குரிய குளிர்ச்சி மருந்து ஆனி முடிகையில் வந்தது. இப்படி என் உடம்பு ஒரு பருவத்திலும் என் வைத்தியம் அதற்கு முந்திய பருவத்திலுமாக ஒன்றரை வருடம் ஓடியது. யோகமலரின் கடிதங்கள் மட்டும் வரவரச் சுருங்கின. கடைசியாக வந்ததில் ஒரே ஒரு வரி. "உங்களுக்கு நான் வேணுமோ வேண்டாமோ எண்டாவது எழுதுங்கோ."

அதை வாசித்த அன்று நான் பொய் சொல்லத் துணிந்தேன். உடம்பு முற்றாகச் சமப்பட்டுவிட்டது, மகளை அனுப்பலாம் என்று மாமாவுக்கு எழுதினேன். பரியாரியை ஏமாற்றுவது லேசல்ல. அத்தாட்சி கேட்டார். வலது கையில், பெருவிரலுக்குக் கீழே மூன்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். வாதம் அன்னம் போல நடக்கும், பித்தம் ஆமை போல ஊரும், கபம் தவளை போலப் பாயும். தன் நாடியைத் தான் பார்க்கக் கூடாது. ஆகையால் வயதில் மூத்த ஒருவரைக் கொண்டு பார்ப்பித்து, அவர் சொன்னதை மாற்றாமல் எழுதவும் என்றிருந்தது.

அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே மூத்தவர் மிஸிஸ் பார்ட்லெட். சனிக்கிழமை பின்னேரம், பந்தயம் கேட்டு முடித்து, வானொலியை நிறுத்திவிட்டு இருந்தார். விஷயத்தைச் சொல்லிக் கையை நீட்டினேன். மிகுந்த பொறுப்போடு மூன்று விரலையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். யோகமலர் வருவதும் வராததும் அந்த விரல்களில் இருந்தது. எனக்கு வியர்த்தது.

"அன்னமா, ஆமையா, தவளையா?" என்று கேட்டேன்.

"இது மூன்றும் இல்லை," என்றார். "குதிரை. கடைசி வளைவில் முன்னுக்கு வருகிற குதிரை."

நான் மன்றாடினேன். கொஞ்சம் அன்னம், கொஞ்சம் ஆமை, கொஞ்சம் தவளை என்று சொன்னால் போதும் என்றேன். குதிரை விஷயத்தில் தான் பொய் சொல்வதில்லை என்றார். ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருந்த எனக்கு இரண்டாவதுக்குத் தைரியம் வரவில்லை. குதிரை என்றே எழுதினேன்.

பிறகு நடந்ததை யோகமலரின் நீண்ட கடிதத்தில்தான் அறிந்தேன். மாமா ஏடு எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்திருக்கிறார். குதிரை நடை ஓரிடத்திலும் இல்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் இவள் சொல்லியிருக்கிறாள், "அப்பா, ஏட்டிலை இல்லாட்டில் என்ன, நெடுந்தீவிலை குதிரை நிக்குதாமே. போய்ப் பாருங்கோவன்." எரிச்சலில் சொன்னது. அவர் குடையை எடுத்துக்கொண்டு உண்மையாகவே வெளிக்கிட்டுவிட்டார். கடலில் லோஞ்ச் ஆடிய ஆட்டத்தில் தன் பித்தம் முழுவதையும் சத்தி எடுத்திருக்கிறார். இரண்டு நாள் புல்வெளியில் திரிந்த குதிரைகளுக்குப் பின்னால் நடந்திருக்கிறார். ஒன்றும் கிட்ட விடவில்லை. காற்று மாறி லோஞ்ச் ஓடாததால் இன்னும் மூன்று நாள் அங்கேயே நிற்க வேண்டி வந்தது. தங்கிய வீட்டில் மிளகாய்த்தூள் போட்ட கத்தரிக்காய்க் கறியைத் தவிர வேறு கறி இல்லை. அதைச் சாப்பிட்டுவிட்டு, இளவயதில் இருந்ததைப்போல நித்திரை கொண்டாராம்.

திரும்பி வந்து, கால் கழுவமுதல் மகளைக் கூப்பிட்டுச் சொன்னது இது:

"பிள்ளை, அந்தச் சீவன் பேசாமல் நிண்டால் ஒண்டுமில்லை. நான் கிட்டப் போனால்தான் ஓடுது. பயத்திலை ஓடுது. உவருக்குப் பித்தமும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. கலியாணத்தண்டு நான் பிடிச்சதும் அந்தப் பயம்தான். நான் பிழையாப் பாத்திட்டன்."

"இப்ப என்ன செய்யிறது அப்பா?"

"பயத்துக்கு ஏட்டிலை மருந்தில்லை. நீ போ."

அந்தக் கடிதத்தை நான் வேலைத்தலக் கழிவறையில் நின்று வாசித்தேன். முப்பது வயதில், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்ற இடம் அது. மாமா யாரிடமும் பிழையை ஒப்புக்கொண்டதை உடுவிலில் ஒருவரும் கண்டதில்லை.

மார்கழியில் யோகமலர் வந்து இறங்கினாள். பரியாரியார் மகளைச் சும்மா அனுப்பவில்லை. புது நாட்டில் உடம்பு குழம்பாமலிருக்க, ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், உடுவில் நேரப்படியே உண்டு உறங்க வேண்டும் என்று கட்டளை. இலண்டனுக்கும் உடுவிலுக்கும் ஐந்தரை மணித்தியாலம். நான் காலை ஆறரைக்கு, வெளியே கும்மிருட்டாக இருக்க, காலைச் சாப்பாடாகப் பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, அதே மேசையில் அவள் மத்தியானச் சோறும் பருப்பும் முருங்கையிலை வறையும் சாப்பிடுவாள். முருங்கையிலை ஊரிலிருந்து கடதாசியில் காயவைத்துக் கொண்டுவந்தது. "நல்ல வெய்யில் நேரம்," என்று சொல்லி யன்னல் சீலையை இழுத்து விடுவாள். சீலைக்கு அப்பால் பனி கொட்டும். மாலை ஆறு மணிக்கு நான் வந்து கதவைத் தட்டினால், அரை நித்திரையில் வந்து திறந்து, "சாமத்திலை ஆர் எண்டு பயந்து போனன்," என்பாள். ஒரே அறையில் இருந்தும் எங்கள் பொழுதுகள் சந்திக்கவில்லை. ஆனால் அந்த ஆறரை மணிச் சாப்பாட்டின்போதுதான் நாங்கள் கதைக்கப் பழகினோம். கொஞ்ச நாளில் அவள் என் பாணுக்குப் பக்கத்தில் ஒரு பிடி சோற்றையும் வைக்கத் தொடங்கினாள். பிறகு பாணை வைக்கவில்லை. கோப்பையால் ஒருவரும் ஒருவருக்கும் எறியவில்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை நான் கை கழுவிக்கொண்டு மேசைக்கு வந்தேன். யோகமலர் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு துண்டு பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டிருந்தாள். யன்னல் சீலை திறந்திருந்தது. வெளியே இருந்த இருட்டு அப்படியே தெரிந்தது.

"இண்டைக்கு மத்தியானச் சாப்பாடு இல்லையோ?" என்று கேட்டேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"இஞ்சை இப்ப விடியப்புறமெல்லே," என்றாள்.