சம்மட்டிக்கு அடியில் ஒரு கை

லாரிகள் நிற்கும் அந்தத் தெருவில் அவளுக்குச் 'சம்மட்டி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் எதிர்க் கொட்டகை வெல்டருக்குக்கூடத் தெரியாது. சுமை தாங்காமல் பின்பக்கம் உட்கார்ந்துபோன லாரியை ஓட்டிவருகிறவர்கள் பட்டறை வாசலில் நின்று கேட்பது, "சம்மட்டி இருக்காங்களா?" என்றுதான். அவள் கணவன் உலைக்காரன் இருக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை. அதில் அவனுக்கு உள்ளூர ஒரு முள் உண்டு. வெளியே சிரித்து மழுப்பிவிடுவான்.

லாரிக்கு அடியில் அடுக்கடுக்காகக் கட்டியிருக்கும் எஃகுப் பட்டைகள் நாள்பட்டால் வளைவு போய்ச் சப்பையாகிவிடும். அவற்றைக் கழற்றி, உலையில் சிவக்கவைத்து, அடைகல்லில் போட்டு அடித்து மறுபடி வளைவு ஏற்றுவதுதான் அவர்களுடைய பிழைப்பு. இரண்டு ஆள் வேலை அது. ஒருவர் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கைக் குறட்டால் பட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கைச் சின்னச் சுத்தியலால் இடம் காட்டுவார். சுத்தியல் தட்டிய இடத்தில் மற்றவரின் சம்மட்டி இறங்க வேண்டும். சுத்தியலைக் கல்லில் படுக்கப் போட்டால் நிறுத்தச் சொல்வதாக அர்த்தம். வாயால் பேச்சே கிடையாது. உலைக்குக் காற்றூதும் இரைச்சலில் பேசினாலும் காதில் விழாது. பிடிக்கிறவர் கைக்கும் சம்மட்டி விழும் இடத்துக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. அதனால் பிடிக்கிறவர் நிமிர்ந்து பார்க்கவே கூடாது. சம்மட்டி வருவதைக் கண் பார்த்துவிட்டால் கை தானாகப் பின்வாங்கும், பழுத்த பட்டை துள்ளும். இரும்பை மட்டும் பார்க்க வேண்டும். மேலே நடப்பது மேலே நிற்கிறவர் பொறுப்பு.

கல்யாணமான புதிதில் அவள் சாப்பாடு கொண்டுவருவதற்கு மட்டும் பட்டறைக்கு வந்துபோனாள். சம்மட்டி அடித்துக்கொண்டிருந்த ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டான். லாரிக்காரன் வாசலில் நின்று கத்துகிறான். உலையில் பட்டை பழுத்துக் கிடக்கிறது. கணவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய அவனுடைய அழுக்குச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினாள். முதல் அடி மண்ணில் விழுந்தது. அடுத்தது கல்லின் விளிம்பில் பட்டு அவள் பல்லெல்லாம் கூசியது. லாரிக்காரன் சிரித்தான். பொழுது சாய்வதற்குள் அவன் லாரி நிமிர்ந்து நின்றது.

அன்று சாப்பிடக் கை எழவில்லை. அவன்தான் பிசைந்து ஊட்டினான். நான் தப்பாகப் போட்டிருந்தால் உங்கள் கை என்ன ஆகியிருக்கும், பயமாக இல்லையா என்று அவள் கேட்டாள்.

"நீதானே அடிக்கிற, எனக்கென்ன பயம்" என்றான் அவன்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் சம்மட்டியைக் கீழே வைக்கவில்லை. உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்து, செருப்புத் தோல் மாதிரி ஆனது. தோள் அகலமாகிப் பழைய ரவிக்கை எதுவும் ஏறவில்லை. பெண் பிறந்தாள், வளர்ந்தாள், பள்ளி விடுதிக்குப் போனாள். இத்தனை காலத்தில் அவன் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இதைச் சொல்லித் தங்கள் ஆட்களைத் திட்டுவார்கள். "அந்தாளு பொண்டாட்டி அடிக்கு அடியில தூங்கவே செய்வான், உனக்கென்னடா நடுக்கம்?" என்பார்கள்.

அந்த மனிதன்தான் அன்று நிமிர்ந்து பார்த்தான்.

காலையில் தெருக்கோடிப் பழைய இரும்புக் கடையிலிருந்து எடைக்காரி வந்திருந்தாள். கடையும் தராசும் அவளுடையவை. கணவன் கப்பல் வேலைக்குப் போய்ப் பல காலமாகத் தகவல் இல்லை. பட்டறைக்கு வேண்டிய பழைய பட்டைகள் அவள் கடையிலிருந்துதான் வரும்; உலைக்காரன்தான் போய்ப் பொறுக்கி எடுத்துவருவான். அன்று அவள் வாசலில் நின்று, நல்ல கனத்தில் சரக்கு வந்திருக்கிறது, வேண்டுமா என்று சம்மட்டியிடம் கேட்டாள். இரண்டு பெண்களும் வெயிலையும் கரி விலையையும் பேசினார்கள். உள்ளே உலையைக் கிளறிக்கொண்டிருந்த உலைக்காரனுக்கு இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

உச்சி வெயிலில் கனத்த பட்டை ஒன்று கல்லுக்கு வந்தது. அவன் தட்டினான், அவள் அடித்தாள். மறுபடி தட்டினான். சம்மட்டி தலைக்கு மேல் போய்த் திரும்பும் நேரத்தில் அவன் நிமிர்ந்தான். அவள் கண்ணை நேராகப் பார்த்தான். உடம்பு பின்னால் சாய்ந்தது, குறடு தளர்ந்தது. அடி பட்டையின் நுனியில் விழுந்தது. பழுத்த இரும்பு எகிறிச் சுழன்று அவள் முழங்காலுக்குக் கீழே அறைந்து, தோலை வழித்துக்கொண்டு தரையில் விழுந்தது. சதை பொசுங்கும் வாடை வந்தது.

அவள் தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டாள். வலியைவிட அவன் கண்ணில் பார்த்ததுதான் அவளை உலுக்கியது. வெட்டப் போகிறவனைப் பார்க்கிற ஆட்டுக்கு இருக்கும் கண் அது.

"எதுக்கு மேல பார்த்தீங்க?"

"கண்ணுல தூசி."

"தூசி விழுந்தா கண்ண மூடுவீங்க. என்னைப் பார்த்தீங்க. எதுக்கு?"

அவன் குறட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "காலையில அவ உன்கிட்ட என்ன சொன்னா?"

"எவ?"

கேட்ட பிறகுதான் அவனுக்குத் தன் வாய் என்ன செய்துவிட்டது என்று உறைத்தது. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. பழைய பட்டை பொறுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய நாட்கள், குளித்துவிட்டுப் போன நாட்கள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"சொல்லு, எவ?" என்றாள். அதுவரை அவனை அவள் நீ என்று கூப்பிட்டதில்லை.

அவன் எழுந்து வாசலை நோக்கி நகர்ந்தான். அங்கே அவனுடைய மோட்டார் சைக்கிள் நின்றது. அவன் சாவியை எடுப்பதற்குள் சம்மட்டி அதன் பெட்ரோல் டேங்கில் இறங்கியது. அடுத்த அடியில் முன்விளக்கு தெறித்தது. பெட்ரோல் மண்ணில் ஓடியதைக் கண்ட வெல்டர் தன் நெருப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தான். அதற்குள் உலைக்காரன் குறட்டைச் சுழற்றி அவள் முகத்தில் அடித்திருந்தான். கன்னம் கிழிந்தது. வாயில் ரத்தம் நிறைந்தது, கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. அவள் ரத்தத்தைத் துப்பினாள். சம்மட்டியின் இரும்புத் தலையைத் தன் பக்கம் பிடித்து, கைப்பிடியால் அவன் தோளில் ஒன்று போட்டாள். காறை எலும்பு முறிந்த சத்தம் வெல்டருக்கும் கேட்டது.

"அக்கா, போதும், செத்துருவாரு" என்று வெல்டர் குறுக்கே விழுந்தான்.

"சாகடிக்கணும்னா இந்தப் பக்கம் பிடிச்சிருப்பேனா?" என்றாள்.

காலை இழுத்து இழுத்துத் தெருக்கோடிக்கு நடந்தாள். சம்மட்டி தோளில் இருந்தது. யாரும் எதிரே வரவில்லை. எடைக்காரி தராசுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தகவல் அதற்குள் போயிருந்தது. ஓட இடமில்லை, பின்னால் துருப்பிடித்த இரும்பு மலைபோல் கிடந்தது. சம்மட்டி முதலில் தராசின் மேடையில் விழுந்து தகட்டை வளைத்தது. இரண்டாவது முறை ஓங்கியபோது எடைக்காரி இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மண்டியிட்டாள்.

"அடிங்க. ஆனா நான் உங்க குடியைக் கெடுக்கணும்னு வரல. அவருதான் சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

எடைக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். சம்மட்டி இறங்காமல் நின்றது. "உங்க கை ஆம்பள கைன்னு சொன்னாரு. தொட்டா உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி இருக்கு, பக்கத்துல படுக்கவே முடியலன்னு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் தன் உள்ளங்கையைப் பார்க்கவில்லை. பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமில்லை. எடைக்காரியைத்தான் வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கைகளும் துருவும் வெட்டுக்காயமுமாகத்தான் இருந்தன. இவளிடமும் அவன் நாளைக்கு வேறு ஏதாவது குறை கண்டுபிடிப்பான். சம்மட்டியை இறக்கினாள். "தராசைச் சரிபண்ணிக்கோ. பட்டறைப் பக்கம் உன் நிழல் விழுந்தா அடுத்தது தகட்டுல விழாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அவன் கட்டுப்போட்டுக்கொண்டு தன் அக்கா வீட்டில் போய்ப் படுத்தான். இங்கே பட்டறை பூட்டிக் கிடந்தது. கால் புண் சீழ் வைத்து ஆறியது. கன்னத்தில் தையல் போட்டார்கள். கொஞ்ச நாளில் அவன் அக்கா வந்தாள். ஆம்பிளை புத்தி அப்படித்தான், ஏதோ கெட்ட நேரம், தம்பி அழுதுகொண்டே இருக்கிறான், சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொன்னாள். எலும்பை உடைத்தாயே, அதோடு கணக்குத் தீரவில்லையா என்றும் கேட்டுப் பார்த்தாள்.

"எலும்ப உடைச்சது அவன் என்னை அடிச்சதுக்கு, அண்ணி. அவன் செஞ்சதுக்கு நான் இன்னும் ஒண்ணும் செய்யல."

"பொண்ணு முகத்தையாவது பாரும்மா."

"பார்த்ததாலதான் கைப்பிடியோட நிறுத்தினேன். கல்யாணத்துல நான் ஒருத்தி மட்டும் வாக்குக் குடுக்கல. அவனும் குடுத்தான். நான் கை காய்ச்சிக் காப்பாத்தினேன். அவன் அந்தக் கையையே கேவலம் பேசி இன்னொருத்தி மடியில படுத்தான். வரச் சொல்லுங்க. ஆனா பிடிக்கிற இடத்துல அவன் உட்காரக் கூடாது. சம்மட்டி அவன் கைக்கு. நான் பிடிக்கிறேன்."

அண்ணிக்கு அது புரியவில்லை. இவ்வளவுதானா என்று நிம்மதியாகப் போனாள். உலைக்காரனுக்குப் புரிந்தது: இனி அடி தப்பினால் போவது அவள் கை. தோள் கூடிய பிறகும் பல நாள் வராமல் இழுத்தடித்தான். கடைசியில் ஒரு காலை வந்து வாசலில் நின்றான். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உலையை மூட்டினாள்.

தெருவில் வேலை செய்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். வெல்டர், "மாமா, மண்ணுக்கு வலிக்காம அடிங்க" என்று கிண்டல் பண்ணிப் பார்த்தான். யாரும் சிரிக்காததால் அடங்கிவிட்டான்.

அவள் உட்கார்ந்து, பழுத்த பட்டையைக் குறட்டால் இழுத்துக் கல்லில் வைத்தாள். சுத்தியலால் இடம் காட்டினாள். பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். இரும்பைப் பார்க்கவில்லை. சம்மட்டியையும் பார்க்கவில்லை. கண் சிமிட்டாமல் அவனையே பார்த்தாள். குறடு பிடித்த கை கல்லில் வேரோடியது போல் இருந்தது.

அவன் ஓங்கினான். அடி பட்டையின் ஓரத்தில் சறுக்கியது. குறடு திரும்பி அவள் விரல் கணுக்களை அடைகல்லில் அறைந்தது. தோல் பிய்ந்து ரத்தம் பழுத்த பட்டையில் சொட்டிச் சீறியது. கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அவள் குறட்டை விடவில்லை.

அவன் சம்மட்டியைத் தரையில் ஊன்றி அதன் மேல் சாய்ந்து அழுதான். உள்ளங்கை அதற்குள் சிவந்திருந்தது.

"கீழ பாரு" என்று கெஞ்சினான். "நீ என்னையே பார்த்தா என்னால முடியாது. கை நடுங்குது."

"நடுங்கட்டும்."

"தப்பா விழுந்துச்சுன்னா உன் கை போயிரும்."

"தெரியும். போகாம அடிக்கிறது இனி உன் பொறுப்பு."

அவன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். யாரும் கை கொடுக்கவில்லை. வெல்டர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். போய்விடலாம், தெரு திறந்துதான் கிடந்தது. அவன் மூக்கைச் சட்டையில் துடைத்தான், காலை அகட்டி வைத்தான், சம்மட்டியை எடுத்தான்.

அவள் ரத்தக் கையால் குறட்டை இறுக்கிக்கொண்டு, சுத்தியலால் மறுபடி இடம் காட்டினாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.