அறையில் இன்னொருவர்

பட்டப்படிப்பின் கடைசிப் பாடத்துக்கான பரீட்சையை வீட்டிலிருந்தே போனில் எழுதலாம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தபோது அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தப் பாடம் சித்தியானால் பட்டம். பட்டம் வந்தால் தோட்டப் பாடசாலையில் ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். நியமனம் வந்தால் அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைக்கலாம். சில வருஷங்களாக எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை.

படிப்பு முழுக்கப் போனில்தான். விரிவுரையாளர் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை; அவர்களுக்கும் நான் ஒரு சின்னக் கட்டம்தான். பரீட்சைக்கென்று ஒரு செயலி தந்தார்கள். போனை எதிரே நிமிர்த்தி வைத்துவிட்டு எழுத வேண்டும், அது நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இடத்தை விட்டு எழுந்தாலோ, அறையில் வேறு ஆள் இருந்தாலோ எச்சரிக்கும். மூன்றாவது தடவை வினாத்தாளை மூடிவிடும். அறை என்று அவர்கள் எதை நினைத்தார்களோ. எங்களுக்கு இருப்பது சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டியிருக்கும் லயத்தில் ஒரே ஒரு காம்பரா. சமைப்பது, படுப்பது, சாமி கும்பிடுவது எல்லாம் அதற்குள்தான்.

அதில் ப்ளக் இருப்பதும் ஒரே சுவரில். அப்பாவின் படத்துக்குக் கீழே எரியும் சிவப்பு பல்புக்காகப் போட்டது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் குளவி கொட்டிச் செத்துப்போனவர் அப்பா. சார்ஜர் வயர் எட்ட வேண்டுமென்றால் அந்தச் சுவரோடு முதுகை ஒட்டித்தான் உட்கார வேண்டும். முந்தின வாரம் வைத்த மாதிரிப் பரீட்சையிலும் அங்கேதான் உட்கார்ந்தேன். செயலி ஒரு குறையும் சொல்லவில்லை.

பரீட்சையன்று அம்மா வேலைக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போய் டிவியை நிறுத்தச் சொல்லியிருந்தாள். பக்கத்து வீட்டில் கோழியைக்கூடக் கூடையால் மூடி வைத்திருந்தார்கள். நான் பீலித் தண்ணீரில் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பாவின் படத்தைக் கழற்றி, அடுப்புப் புகை படிந்திருந்த கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துலக்கி, புது மாலையும் புது பல்பும் போட்டிருந்தாள். அப்பா நேற்றுத்தான் படம் பிடித்துக்கொண்டவர் மாதிரி பளிச்சென்று இருந்தார். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியை முடிப்பதற்குள் திரை சிவந்தது. அறையில் இன்னொருவர் இருக்கிறார், அவரை வெளியேற்றவும் என்று ஆங்கிலத்தில் வந்தது. அம்மாதான் எட்டிப் பார்த்துவிட்டாள் என்று எனக்கு எரிச்சல். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளை ஏசினேன்.

“நான் வெளியதானே குந்தியிருக்கேன் புள்ள. ஒரு ஆளும் உள்ள வரலயே” என்றாள்.

இரண்டாவது எச்சரிக்கை வந்தபோதுதான் திரையின் மூலையில் தெரிந்த என்னைக் கவனித்தேன். என் தலைக்கு மேலே இன்னொரு முகத்தைச் சுற்றிக் கட்டம் விழுந்திருந்தது. முந்தின வாரம் புகைக்குள் மறைந்திருந்த முகம். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. தோட்டத்து ஆபீஸ் வாசலில் மணிக்கணக்காக நின்றாலும் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்காத மனுஷனை, செத்த பிறகு ஒரு செயலி ஆளாக மதிக்கிறது. பிறகுதான் நிலைமை உறைத்தது. எழுந்தால் அது குற்றம். எழாவிட்டால் அப்பா போகப் போவதில்லை.

“அப்பா படத்தக் கழட்டும்மா, சீக்கிரம்” என்றேன்.

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. ஓடி வந்து, என் தலைக்கு மேலே எட்டி, மாலையோடு படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். திரையில் இப்போது நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். வினாத்தாள் மூடிக்கொண்டது.

விசாரணையும் போனில்தான் நடந்தது. விசாரித்த விரிவுரையாளர்கள் கெட்டவர்கள் இல்லை. படத்தைக் காட்டினேன், நம்பினார்கள். முதலில் இருந்தது படம் என்றாலும் கடைசியில் வந்தது உயிருள்ள ஆள்தானே என்றார் ஒருவர். பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தலில் இருக்கிறதாம். இன்னொருவர் உண்மையான அக்கறையோடு, வேறு அறையில் உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்டார். எங்களுக்கு இருப்பதே ஒரு காம்பராதான். ஆனாலும் ஆமாங்க சேர் என்றுதான் வாயில் வந்தது. அந்தப் பாடத்துக்குப் புள்ளி இல்லை என்று முடிவு வந்தது. திரும்ப எழுதலாம் என்று காத்திருந்தபோது பாடத்திட்டத்தையே மாற்றிவிட்டார்கள். வேண்டுமானால் முதலாம் வருஷத்திலிருந்து சேரச் சொன்னார்கள். அதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

இப்போது பசறை டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் நிற்கிறேன். அதே மாதிரிப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கத் தோட்டத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். சுவரைப் பற்றி ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். வேறு சுவருக்கு அவர்கள் எங்கே போவார்கள்? அம்மா இன்னமும் கொழுந்துக்குப் போகிறாள்.

கொழும்பில் வேலை செய்யும் தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கூப்பிடுவாள். நான் போனை நிமிர்த்தி வைத்ததுமே அம்மா எழுந்து போய் அப்பாவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்காருகிறாள். பரீட்சை எல்லாம் முடிந்துபோனது, இனி நம்மை யாரும் பார்க்கப் போவதில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

“எதுக்கும் அப்பிடியே இருக்கட்டும் புள்ள” என்கிறாள்.

அப்பாவை ஒருதரம் காட்டச் சொல்லித் தங்கச்சி ஒவ்வொரு வாரமும் கேட்கிறாள். அம்மா காட்டுவதில்லை.