தட்டின் ஓரத்தில் அண்ணியின் பாட்டு

அந்தச் சோதனைத் தட்டு வெறும் வெள்ளை உறையில் வந்தது. நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதமும் வெள்ளைதான். பெயர் இல்லை, படம் இல்லை. யாரோ பென்சிலால் எழுதிய ஓர் எண் மட்டும் இருந்தது. இசைத்தட்டுகளை மொத்தமாக அச்சிடுவதற்கு முன், கேட்டுப் பார்த்து ஒப்புதல் தரும்படி வெளிநாட்டுத் தொழிற்சாலை அனுப்பும் மாதிரி அது. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில், அண்ணன் வீட்டுக் கூடத்தில் அதை உறையிலிருந்து எடுத்தபோது, அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அருகில் நின்றார். தொடவில்லை. அவர் கழுத்தில் அறுவை சிகிச்சைத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

அண்ணிக்குத் துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. வார இறுதிகளில் கிள்ளான் இசைக்குழு ஒன்றின் பாடகி. இருபது வருடத்துக்கும் மேலாகத் திருமண மண்டபங்களில் பிறர் பாடிப் பிரபலமான சினிமாப் பாடல்களையே பாடினார். அவரே எழுதி மெட்டமைத்த பாட்டு ஒன்று இருந்தது. மழையில் துறைமுகச் சாலையில் வரிசையாக நிற்கும் லோரிகளையும், அவற்றில் ஒன்றில் உட்கார்ந்திருக்கும் கணவனையும் பற்றியது. அண்ணன் லோரி ஓட்டுநர். பாட்டின் கடைசி வரியில் குரல் மேலே ஏறும். ஏறிய இடத்தில் அசையாமல் நிற்கும். அதைச் சமையலறைக்கு வெளியே யாரும் கேட்டதில்லை.

சுபாங் ஜெயாவில் ராப் பாடும் பெண் ஒருத்தி ஒரு திருமண விருந்தில் அண்ணி பாடியதைக் கேட்டுவிட்டுத் தேடி வந்தாள். அவளும், பேஸ் கிட்டார் வாசிக்கும் அவள் தோழியும், பிரிக்பீல்ட்ஸில் தேவாரம் பாடும் ஓர் ஆசிரியையும் சேர்ந்து ஒரு ‘வைனில்’ இசைத்தட்டு வெளியிடவிருந்தார்கள். நான்காவது ஆள் தேவைப்பட்டது. “மேடைக்கு மேடை ஆன்டி பேர மறந்துடுறாங்க. தட்டுல அச்சடிச்சிட்டா மறக்க முடியாதுலா,” என்றாள். அண்ணி சிரித்தார், மறுக்கவில்லை.

பதிவு முடிந்த இரண்டாம் வாரம் தைராய்டு அறுவை சிகிச்சை. குரல் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அண்ணியின் தொண்டையிலிருந்து காற்று மட்டுமே வந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனால் சொற்கள் கேட்கும். அவர் பாடியதில் இனி மிஞ்சப்போவது அந்த ஒரு பாட்டுதான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். 

பாடல்களின் வரிசையைத் தீர்மானித்தவள் நான். பத்திரிகையில் இருப்பவள் என்பதால் உறையின் வாசகத்தையும் வரிசையையும் என்னிடம் விட்டிருந்தார்கள். செய்தியில் முக்கியமானது முதல் வரியில் வர வேண்டும் என்று தினமும் மற்றவர்களின் பிரதியைத் திருத்துகிறவள் நான். எங்கள் மேடைகளில் வழக்கம் தலைகீழ். புதுப் பாடகி முதலில் பாடுவாள்; ஆட்கள் நாற்காலி தேடிக்கொண்டிருப்பார்கள். மூத்த பாடகிக்கு முடிவில்தான் இடம், அதுதான் மரியாதை. அந்த மரியாதையை நினைத்து, இரண்டாம் பக்கத்தின் கடைசியில் அண்ணியை வைத்தேன்.

ராப் பாடும் பெண்ணும் அன்று கூடத்தில் எங்களோடு இருந்தாள். தட்டு சுழன்றது. ராப், கிட்டார், தேவாரம் எல்லாம் தெளிவாக இருந்தன. அண்ணியின் பாட்டும் நன்றாகத்தான் தொடங்கியது. கடைசி வரியில் குரல் மேலே ஏறியதும் துணி கிழிவதுபோல் பிசிறியது. மறுபடி வைத்தோம். அதே இடம், அதே பிசிறு.

“ஊசியிலே தூசிலா,” என்றான் அண்ணன்.

“தூசி இல்ல அங்கிள்,” என்றாள் ராப் பாடும் பெண். “நடுவுக்குப் போகப் போக வட்டம் சின்னதாகுது. உச்சி சுருதி அங்க நெருங்கிப் போய் அடிபடும். ஊசி தொடங்குற ஓரத்துலதான் தாராளமா இடம். நான்தான் முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

அண்ணியை முதல் பாட்டாக மாற்றினால் சரியாகும். ஆனால் தொழிற்சாலையில் அச்சுத் தட்டையே புதிதாக வெட்ட வேண்டும், மாதங்கள் ஆகும் என்றாள்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. “இருபது வருஷமா பாடுனவள, சவுண்டு டெஸ்ட் பண்றவ மாதிரி முதல்ல நிறுத்துறதா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?”

அண்ணி அவன் காதருகே குனிந்தார். எனக்கும் கேட்டது. “ஊரு இருக்கட்டும். இந்தக் குரல் கிழிஞ்சா திரும்பப் பாட எனக்கு வேற இல்லீங்க. முதல்லயே போடச் சொல்லுங்க.”

அண்ணன் எழுந்து வெளியே போய் லோரியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அப்ப நான் கடைசிக்குப் போறேன் ஆன்டி,” என்றாள் அந்தப் பெண். “நான் கத்துறதுதானே, கொஞ்சம் கரகரன்னா யாருக்குத் தெரியப்போகுது?” அண்ணி அவள் தலையில் செல்லமாகக் குட்டினார்.

தட்டு வந்துசேர ஐந்து மாதம் ஆனது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மாடி அறையில் வெளியீடு. உறையில் நான்கு பெயர்களும் ஒரே அளவில் இருந்தன. அண்ணியின் பெயர் மேலே. நான் பத்திரிகைக்காரியின் பழக்கத்தில் பின்சுவர் ஓரம் நின்றேன். ராப் பாடும் பெண் தட்டை வைத்தாள். அண்ணியின் முதல் வரி ஒலித்தபோது அறையில் பாதிப் பேர் இன்னும் உட்காரவில்லை. யாரோ நாற்காலியை இழுத்தார்கள், யாரோ வடைத் தட்டைக் கைமாற்றினார்கள், யாரோ சுபாங் ஜெயா சாலை நெரிசலைப் பற்றிப் பேசினார்கள். மண்டபங்களில் முதலில் பாடும் பெண்ணுக்கு நேர்வதேதான் நேர்ந்தது. அண்ணன் என்னைப் பார்த்தான். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணி எழுந்து முன்னால் போனார். ஊசியைத் தூக்கினார். பாட்டு நின்றது. ஊசியைத் தட்டின் ஓரத்துக்கு மேலே பிடித்தபடி அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  வாய் திறந்திருந்தாலும் அவர் குரல் முதல் வரிசைக்குக்கூட எட்டியிருக்காது. முன் வரிசை அடங்கியது. அடுத்த வரிசை. கடைசியாக, பின்னால் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, பேச்சை நிறுத்தி, நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அதன் பிறகும் அண்ணி சற்று நேரம் காத்திருந்தார்.

பிறகு ஊசியை இறக்கினார். இருக்கைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்று கேட்டார். கடைசி வரியில் குரல் ஏறியது, நின்றது. பிசிறவில்லை.