பாசி இழுப்பது தொழிலா?

நாற்பத்தோராம் வயதில் ஆராய்ச்சி மாணவனானேன். அதுவரை கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கழிவுநீரைச் சோதித்துக்கொண்டிருந்தேன். குப்பியில் வரும் நீரைவிட ஏரி நீர் தேவலாம் என்று தோன்றியதே என் அறிவியல் தாகம். கல்லூரியில் புதுப் பிள்ளைகள் என் நரையைப் பார்த்துப் பேராசிரியர் என்று எழுந்து நின்றார்கள். ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது.

அப்பா பழவேற்காடு ஏரியில் இறால் பிடிப்பவர். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, அதில் கடற்பாசித் துண்டுகளை முடிந்து வளர்க்கிறேன் என்றதும் என்னையே பார்த்தார். வலையில் சிக்கினால் திட்டிக்கொண்டே உதறிப்போடுகிற சாமான் அது.

"ஊர்ல களை எடுப்பாங்க. நீ படிச்சிட்டு வந்து களைய நட்றியா?"

இதுவும் மீன்பிடி மாதிரி ஒரு தொழில்தான் நைனா என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மிதவைக் கயிறு தளர்ந்தால் எனக்குச் சொல்லாமல் இழுத்துக் கட்டிவிட்டு வருவார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அக்கா மும்பையிலிருந்து வரவேண்டும். மறுநாள்தான் எடுப்பதென்று முடிவாயிற்று. சாவு விழுந்தால், எடுக்கும்வரை எங்கள் குப்பத்தில் யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது. படகுகள் கரையேறிக் கிடந்தன.

மத்தியானம் ஆரணியாற்றில் தண்ணீர் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. நல்ல தண்ணீர் எங்கள் உப்பு ஏரிக்குள் இறங்கினால் பாசி வெளுத்துச் செத்துவிடும். மிதவையை முகத்துவாரத்துப் பக்கம், உப்புத் தண்ணீருக்கு இழுத்துப்போனால் பிழைக்கும். என் ஆராய்ச்சிக் கெடுவில் இன்னொரு விளைச்சலுக்கு இடமில்லை. நான் வாய் திறக்கவில்லை. விஷயம் தெரிந்த சித்தப்பா மகன், மிதவையை இழுக்கலாமா என்று பெரியவர்களிடம் கேட்டுவிட்டான்.

பந்தலுக்குக் கீழே விவாதம் நடந்தது. படகு இறக்கினாலே தப்பு என்றார் ஒருவர். வலை எடுத்தால்தான் தப்பு என்றார் இன்னொருவர். பாசிக்குச் செதில் இருக்கிறதா என்றுகூடக் கேள்வி வந்தது. என் ஆய்வுத் திட்டத்தை எந்தக் குழுவும் இவ்வளவு கவனமாகப் பரிசீலித்ததில்லை. கடைசியில் ஊர்ப் பெரியவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அது தொழில் இல்லப்பா, புல்லு. தம்பிய போயி இய்த்துக்கினு போவச் சொல்லு. உங்க நைனாவே அப்டித்தான சொல்லிக்கினு இருந்தாரு."

நல்ல மனிதர். உதவத்தான் வந்தார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பாசி பிழைக்கும், பட்டமும் வரும். ஆனால் ஊரே தொழிலை நிறுத்தி அப்பாவுக்குத் துக்கம் காக்கையில், நிறுத்துவதற்கு ஒரு தொழில் இல்லாத ஒரே ஆள் அவர் மகனாக இருப்பான்.

"இல்ல பெரிப்பா. அதுவும் தொழில்தான்."

சித்தப்பா மகன் என்னை முறைத்தான். பெரியவர் என் தோளைத் தொட்டுவிட்டு எழுந்துபோய், எந்தப் படகும் இறங்கக்கூடாது என்றார்.

மறுநாள் அடக்கம் முடிந்து ஏரிக்குப் போனோம். தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். சோறு வடிக்கலாம் போலிருந்தது. பாசி வெளுத்துத் தொங்கியது. தொட்டதும் கையோடு வந்தது.

வழிகாட்டிப் பேராசிரியர் போனில் துக்கம் விசாரித்தார். பிறகு தயங்கி, மிதவையை நேற்றே நகர்த்தியிருக்கலாமே என்றார்.

நேற்று எங்கள் ஊரில் யாரும் தொழிலுக்குப் போகவில்லை சார் என்றேன்.

அவர் எங்கள் ஏரிக்கரைக்காரர் இல்லை. அப்படியா என்றார்.