அண்ணனுக்கு நெஞ்சு, தம்பிக்குத் தோள்

எனக்கு எண்பத்தொன்பது வயது. நான்கு பேரை வளர்த்து ஆளாக்கினேன், ஒருவரிடமும் கை நீட்டாமல். கடைசி மகன் மூன்று நாளாக இடது தோளைத் தேய்த்துக்கொண்டு திரிகிறான்.

"வண்டி ரிப்பேராயி தள்ளிக்கினு வந்தேன்ல, புடிச்சிக்கிச்சும்மா. பத்து மணிக்கு கார் வருது. புத்தூர் போய் கட்டு போட்டுக்கினு வந்துர்றேன்" என்கிறான்.

நான் நம்பவில்லை. வாயால் சொன்னால் எழுந்து போய்விடுகிறான். அதனால்தான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று எல்லைத் தகராறு நடந்த காலம். மனு கொடுக்கச் சித்தூருக்குப் போன கும்பலில் என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் இருந்தார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறி விழுந்தார். சட்டையெல்லாம் வேர்வை. தம்பிதான் அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். கஞ்சியைக்கூட இன்னொருவர் ஊட்ட வேண்டும். எனக்கு அதிலும் சந்தேகம்தான். "அறுப்பு நேரத்துல படுத்துக்கினா மாமாவுக்கு நல்லதுதானே" என்று அவர் மனைவி காதில் விழும்படியே சொன்னேன். அவர் எழுந்து வந்து இருபது வருஷம் ஏர் ஓட்டினார். என்னைப் பார்த்தால், "இன்னாம்மா, என் நாடகம் எப்படி?" என்பார்.

என் வீட்டுக்காரர் அலறவில்லை. அண்ணனைத் தூக்கிய மறுநாள் தோள் வலிக்கிறது என்றார். வேர்த்தது, ஏப்பம் வந்தது. "அம்மாம் பெரிய ஆள தூக்குனா வலிக்காம இன்னா பண்ணும்?" என்று நானே புத்தூருக்கு அழைத்துப் போனேன். கட்டுப் போடுகிறவர் தோளைத் தடவிப் பார்த்தார்.

"எலும்பு நல்லாத்தான் கீதும்மா. மூச்சுதான் சரியில்ல. திருப்பதிக்கு இட்டுக்கினு போ."

இவருக்கு வேலை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் நானே பச்சிலை அரைத்து, முட்டை வெள்ளையில் குழைத்துக் கட்டினேன். ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அண்ணன் பங்கு அறுப்பையும் சேர்த்து இவரே பார்த்தார். கால் வீங்கிய பிறகுதான் திருப்பதிக்குப் போனோம்.

டாக்டர் மிஷினில் வந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு வந்த அதே நோய்தான், வந்து பத்து நாளாகிறது என்றார். நெஞ்சு வலிக்கவே இல்லையே என்று சண்டைக்குப் போனேன். சிலருக்கு நெஞ்சில் தெரியாதாம். தோளில், தாடையில், வயிற்றில் தெரியுமாம். அண்ணன் அன்றைக்கே படுத்ததால் இருதயம் தேறிக்கொண்டது. இவர் அதை வைத்துக்கொண்டே வேலை செய்ததில் அது ரொம்பக் கெட்டுவிட்டது.

எல்லை முடிவான செய்தியை இவர் தலையணையில் சாய்ந்தபடிதான் கேட்டார். படுத்தால் மூச்சு முட்டும். எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருந்துவிட்டது. அடுத்த அறுப்புக்கு இவர் இல்லை.

கார் வந்துவிட்டது. புத்தூரில் நிறுத்தாதே, நேராகத் திருப்பதி ஆஸ்பத்திரிதான் என்று டிரைவரிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். மகனுக்குத் தெரியாது. அவன் மகளும், என் பேத்தி, கூடப் போகிறாள். இந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுத்துச் சொல்கிறேன்:

"கண்ணு, இத எனக்கு ஒரு தபா திருப்பிப் படி. எதனா வுட்டுட்டனா பாக்கறேன். அப்பறம் கார்ல, புத்தூர் தாண்டினதும், உங்க நைனாவுக்குப் படி."